நாதஸ்வர மேள செட்: பாலிமர் கிளே பொம்மைகள் கருகி, பிளந்து, கையும் கழன்றுவிட்டது

கேள்வி: கொலுப்படி

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாக டெரகோட்டா நகைகள் செய்து, உமியிலும் வறட்டியிலும் சுட்டுப் பழகியவள் நான். வருகிற நவராத்திரிக்கு எங்கள் கொலுவின் கல்யாண செட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேளக் குழுவை என் கையாலேயே செய்துவைக்க வேண்டும் என்ற ஆசையில், முதன்முறையாக பாலிமர் கிளே வாங்கினேன். நாதஸ்வரம் இருவர், தவில் இருவர், தாளம் ஒருவர் என ஐந்து பேர்; உட்கார்ந்த நிலையில் ஒவ்வொருவரும் 8 செ.மீ. உயரம். முதலில் ஒரு நாதஸ்வரக்காரரையும் ஒரு தவில்காரரையும் மட்டும் செய்து பார்த்தேன். இரண்டுமே கெட்டுவிட்டன. எங்கே தவறினேன் என்று நீங்கள் சொல்வதற்கு வசதியாக, செய்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

உடலை உள்ளே எதுவும் வைக்காமல் கெட்டியாகப் பிடித்து, கைகளைத் தனியே உருட்டி, தோளில் ஊசியால் கீறித் தண்ணீர் தொட்டு ஒட்டினேன். மேற்பரப்பையும் ஈர விரலால் தடவி வழவழப்பாக்கினேன். பிறகு நிழலில் இரண்டு நாள் உலரவிட்டேன். வீட்டிலிருக்கும் ஓடிஜி என்னும் சிறிய மின் அடுப்பில், கிளே பெட்டியில் போட்டிருந்தபடி 130 டிகிரிக்குத் திருகி, 20 நிமிடம் வைத்து எடுத்தேன். தொட்டபோது ரப்பர் போல நெகிழ்ந்து கொடுத்ததால், வேகவில்லை என்று எண்ணி, திருகை 180க்குக் கூட்டி மேலும் 15 நிமிடம் வைத்தேன். கண்ணை உறுத்தும் ஒரு நெடி கிளம்பியதும் பயந்து அணைத்து, பொம்மைகளை வெளியே எடுத்து மின்விசிறிக்கு அடியில் வைத்தேன்.

நாதஸ்வரக்காரரின் மூக்கும் நெற்றியும் காப்பிப்பொடி நிறத்துக்குப் போய்விட்டன. வேட்டி பழுத்த வெற்றிலை போல மஞ்சளாகிவிட்டது. தவிலின் வயிற்றில் நகம் நுழையும் அளவுக்கு நீளவாக்கில் ஒரு பிளவு. நாதஸ்வரம் நடுவில் ஒடிந்தது. தூக்கிப் பார்க்கையில் வலக்கை தோளோடு கழன்று வந்தது. கழன்ற இடத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கிறது. நான் ஊசியால் கீறிய கோடுகள்கூட அழியாமல் தெரிகின்றன. வெப்பத்தில் தவறா, கிளேயில் தவறா, என் கையில் தவறா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: மெழுகுக்கை

சகோதரிக்கு வணக்கம். கழன்ற தோளைப் பற்றி நீங்கள் எழுதிய கடைசி வரிகளிலேயே பாதி விடை இருக்கிறது. கீறிய கோடுகள் அழியாமல் நிற்கின்றன என்றால் அந்த இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று சேரவே இல்லை என்று பொருள். சேரவிடாமல் தடுத்தது நீங்கள் தொட்ட தண்ணீர்.

பெயரில் கிளே என்று இருந்தாலும் இதில் மண்ணும் இல்லை, நீரும் இல்லை. பிவிசி என்னும் பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய பொடியை, அதை நெகிழவைக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தோடும் நிறப்பொடியோடும் பிசைந்து வைத்ததுதான் இது. சூடு ஏறும்போது அந்தத் திரவத்தைப் பொடித்துகள்கள் உறிஞ்சி ஊதி, ஒன்றோடொன்று உருகி இணைந்து, ஒரே பொருளாகிவிடுகின்றன. ஆகவே நிழலில் உலர்த்துவதால் இதற்கு எந்தப் பயனும் இல்லை. இரண்டு நாளும் வீட்டுத் தூசியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மண்ணுக்குத் தண்ணீர் பசை. இதற்குத் தண்ணீர் குறுக்கே நிற்கும் சுவர். கையை ஒட்டும்போது இரண்டு பக்கமும் நன்றாகப் பிசைந்த கிளேயாக இருந்தால், கீறி அழுத்தினாலே பிடித்துக்கொள்ளும். இன்னும் உறுதி வேண்டுமானால் லிக்விட் கிளே என்று திரவமாகவே விற்கிறார்கள். அதில் ஒரு சொட்டை இடையில் தடவி அழுத்துங்கள். மேற்பரப்பை வழவழப்பாக்க, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த தூரிகை போதும்.

அடுத்தது, சூடாக இருக்கையில் நெகிழ்ந்தது பற்றி. சரியாக வெந்த பாலிமர் கிளேயும் அடுப்பிலிருந்து எடுக்கும்போது நெகிழத்தான் செய்யும். அது பிளாஸ்டிக்கின் இயல்பு. முழுதும் ஆறிய பிறகுதான் அதன் உறுதி தெரியும். உங்கள் முதல் 20 நிமிடத்தில் மெல்லிய பகுதிகளாவது வெந்திருக்கக்கூடும். கெடுத்தது அதற்குப் பின் ஏற்றிய 180 டிகிரி. அந்தச் சூட்டை நெருங்கும்போது பிவிசி சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயுவை விடுகிறது. உங்கள் கண்ணை உறுத்திய நெடி அதுவாகத்தான் இருக்க வேண்டும். இனி எப்போதாவது அந்த நெடி வந்தால், அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியேறிவிடுங்கள். பொம்மையைக் காப்பாற்ற நிற்க வேண்டாம்.

வேகும் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஃபிமோவுக்கு 110 டிகிரியில் 30 நிமிடம். ஸ்கல்பி 3 வகைக்கு 130 டிகிரியில் ஒவ்வொரு 6 மி.மீ. கனத்துக்கும் 15 நிமிடம்; கேட்டோ என்ற வகைக்கு 150 டிகிரி. உங்கள் தவில் 3 செ.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 20 நிமிடம் எந்தக் கணக்கிலும் போதாது. மேலே தோல் வெந்து இறுகியிருக்கும், உள்ளே மாவாக இருந்திருக்கும்; பிறகு உள்ளே சூடேறி விரியும்போது இறுகிய தோல் பிளக்காமல் என்ன செய்யும்? சரியான சூட்டில் நேரம் கூடினால் கெடுதல் இல்லை. நான் சிறு பொம்மைகளைக்கூட முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கிறேன். சூடு கூடினால்தான் சில நிமிடங்களில் எல்லாம் போய்விடும்.

இப்போது ஓடிஜிக்கு வருகிறேன். என் எண்ணத்தில் முக்கியமானது இதுவே. திருகில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, பொம்மை இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து, வெறும் அடுப்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, கம்பிகள் எரிந்து அணையும் ஒவ்வொரு சுற்றிலும் அது எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏறும் உச்சத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சிறிய ஓடிஜியில் காற்று 130 டிகிரியில் இருந்தாலும், செந்தணலாக எரியும் கம்பி தன் எதிரில் இருப்பதை நேரடியாகச் சுடும். மூக்கும் நெற்றியும் கருகி முதுகு நன்றாக இருந்தது என்றால் காரணம் இதுதான். தட்டின்மேல் ஒரு டைல்ஸ் துண்டை வைத்து, அதையும் சேர்த்து 20 நிமிடம் அடுப்பைச் சூடாக்குங்கள். டைல்ஸின்மேல் வெள்ளைத்தாள், தாளின்மேல் பொம்மை, அதன்மேல் பொம்மையைத் தொடாதபடி அலுமினியத் தாளில் ஒரு கூடாரம். கூடாரம் கம்பியின் அனலைத் திருப்பியடிக்கும். டைல்ஸ் சூட்டைப் பிடித்துவைத்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். வெந்ததும் அடுப்பை அணைத்து, கதவை லேசாகத் திறந்து, உள்ளேயே ஆறவிடுங்கள். மின்விசிறிக்கு அடியில் வைத்ததும் பிளவுக்குத் துணைபோயிருக்கும். மைக்ரோவேவில் மட்டும் ஒருபோதும் வைத்துவிட வேண்டாம்.

பதில்: ஆற்றுமண்

மெழுகுக்கை ஐயா சூட்டைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பொம்மையின் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மண்ணில் கொலு பொம்மை செய்கிறோம். பாலிமர் கிளேயை நான் பத்து ஆண்டுகளாகத் தனியே செய்துவருகிறேன்.

மண் காயும்போது சுருங்கும். உள்ளே சுருங்காத கம்பியோ கட்டையோ இருந்தால் அதைச் சுற்றி விண்டுபோகும். ஆகவே மண் பொம்மையை அச்சில் இரண்டு பாதியாக எடுத்து, உள்ளே கூடாக விட்டுச் சேர்க்கிறோம். மண்ணில் பழகிய உங்கள் கை உள்ளே எதையும் வைக்கத் தயங்கியது இயற்கைதான் அம்மா. ஆனால் பாலிமர் கிளே வேகும்போது சுருங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். எனவே தைரியமாக உள்ளே எலும்பு வைக்கலாம். வைத்தே தீர வேண்டும் என்பேன்.

தவிலுக்கும் உடலுக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, மேசையில் வைத்துக் கரண்டியின் முதுகால் தட்டித் தட்டி, கல் மாதிரி கெட்டியாக்குங்கள். தளர்வாக விட்டால் மடிப்புகளில் சிக்கிய காற்று சூட்டில் விரிந்து, கிளேயைக் குமிழாகத் தூக்கும் அல்லது பிளக்கும். அந்த உருண்டையின்மேல் 5 மி.மீ. கனத்துக்குக் கிளேயைப் போர்த்தினால் எல்லா இடமும் ஒரே சீராக வேகும். பொம்மை இலகுவாகவும் இருக்கும், விலை கூடிய கிளேயும் மிச்சமாகும்.

கைக்கும் கழுத்துக்கும் கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடுங்கள். ஒற்றைக் கம்பி வழவழப்பாக இருப்பதால் அதன்மேல் கிளே சுழலும். முறுக்கின் வரிகள் பிடித்துக்கொள்ளும். முறுக்கிய கம்பியின்மேல் ஃபெவிகாலை மெல்லிசாகப் பூசிக் காயவைத்துவிட்டால் இன்னும் நன்று. தோளிலிருந்து கம்பி உடலின் தாள் உருண்டைக்குள் இரண்டு செ.மீ. ஆவது இறங்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் தண்ணீர் தொட்டிருந்தும்கூட கை கழன்றிருக்காது.

நாதஸ்வரம் ஒடிந்ததில் வியப்பில்லை. இன்று வாசிக்கப்படும் பாரி நாதஸ்வரம் ஏறத்தாழ 95 செ.மீ. நீளம், சம்மணமிட்டு உட்கார்ந்த ஆளின் உயரத்தைவிடச் சற்று அதிகம். உங்கள் ஆள் 8 செ.மீ. என்றால் அவர் கையிலுள்ள வாத்தியம் 9 செ.மீ. வரும். பலரும் இதைக் குட்டையாகச் செய்துவிடுவதால் பொம்மை ஷெனாய் வாசிப்பது போலத் தோன்றுகிறது. அவ்வளவு நீளத்தை 5 மி.மீ. கனத்தில் நிறுத்த, உள்ளே சைக்கிள் போக்ஸ் கம்பி ஒரு துண்டு அவசியம். கம்பியின்மேல் கிளேயை உருட்டி, அடியில் அணசு என்னும் அகன்ற வாயை விரித்து, விரல் வைக்கும் ஏழு துளைகளையும் ஊசியால் குத்தி, வாத்தியத்தை மட்டும் முதலில் தனியே வேகவைத்துவிடுங்கள். வெந்து கெட்டியான நாதஸ்வரத்தை ஆளின் கையில் கொடுத்து, பச்சை விரல்களை அதைச் சுற்றி மடக்குவது எவ்வளவு எளிது என்று ஒருமுறை செய்தால் தெரியும். பச்சைக்குப் பச்சை ஒட்டும்போது ஒன்றை அமுக்கினால் மற்றொன்று நசுங்கும். சூடு அளவை மீறாதவரை ஒரே பொம்மையை எத்தனை முறை வேண்டுமானாலும் அடுப்பில் வைக்கலாம். தலையை ஒருமுறை, வாத்தியத்தை ஒருமுறை, முழு உருவத்தை ஒருமுறை என்று படிப்படியாகப் போவதே என் வழக்கம்.

இந்தப் பொருளே பொம்மைக்கூடத்தின் வழியாக வந்ததுதான் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஜெர்மனியில் கேத்தே குரூசே அம்மையாரின் பொம்மைத் தொழிற்சாலைக்கு 1939இல் இப்படியொரு பொருள் வந்திருக்கிறது. தொழிற்சாலைக்கு ஒத்துவரவில்லை என்று அதை அவர் தம் மகளிடம் கொடுத்துவிட்டார். ஃபிஃபி என்று அழைக்கப்பட்ட அந்த மகள் அதை வைத்து உருவங்கள் செய்யத் தொடங்க, 1964இல் அந்தச் செய்முறை ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, அவர் பெயரின் முதலெழுத்தோடு ஃபிமோ ஆனது.

பதில்: சின்னஉரு

வேட்டியைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். வெள்ளைக் கிளே விரலிலுள்ள எல்லா அழுக்கையும் வாங்கிக்கொள்ளும். நாதஸ்வரத்தின் கறுப்பைத் தொட்ட கையோடு வேட்டியைத் தொட்டால் முடிந்தது. எனவே வெள்ளையில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுங்கள். தொடங்கும் முன் ஒரு பழைய வெள்ளைக் கிளேத் துண்டை ஐந்து நிமிடம் பிசைந்து எறியுங்கள்; கையின் தூசியெல்லாம் அதோடு போய்விடும். பஞ்சு பறக்கும் துணி உடுத்திக்கொண்டு உட்காராதீர்கள். மீறி ஒட்டிய இழைகளை, வேகவைப்பதற்கு முன், காதுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தெடுக்கலாம்.

தோல் நிறத்துக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியில் தோல் நிறம் என்று வருவது பெரும்பாலும் இளஞ்சிவப்பு. அது தஞ்சாவூர் வெயிலில் வீதியுலாவுக்கு வாசித்து வந்த முகத்துக்கு எந்த வகையிலும் பொருந்தாது. பழுப்பில் காவி மஞ்சளும் துளி சிவப்பும் கலந்து, மூன்றில் ஒரு பங்கு நிறமற்ற டிரான்ஸ்லூசென்ட் கிளேயைச் சேர்த்துப் பிசையுங்கள். ஒளி கொஞ்சம் உள்ளே இறங்கித் திரும்புவதால் முகத்தில் உயிர் தெரியும். வெந்தபின் நிறம் சற்று அடர்த்தியாகும். ஆகவே முதலில் சுண்டைக்காய் அளவு உருண்டையைச் சுட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாகக் கலக்கவும்.

கொலுப்படி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தெர்மாமீட்டர் வாங்கிப் பார்த்துவிட்டேன். 130இல் திருகினால் கம்பி எரியும்போது 155 வரை ஏறுகிறது, அணைந்ததும் 118க்கு இறங்குகிறது. அப்படியானால் நான் 180 என்று வைத்தபோது உள்ளே என்ன இருந்திருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது. டைல்ஸும் கூடாரமும் வைத்து, திருகை 115க்குப் பக்கத்தில் நிறுத்தியபோது 124க்கும் 132க்கும் இடையிலேயே நின்றது. கூடவே 3 மி.மீ. பட்டை ஒன்றையும் சுட்டேன். ஆறிய பிறகு வளைத்தால் வில்லாக வளைந்து திரும்பியது. முதல்முறை செய்த தவிலிலிருந்து உடைத்த சில்லோ பிஸ்கட் போல உதிர்ந்தது.

புதிய நாதஸ்வரக்காரர் நேற்று முழுதாக வெளியே வந்தார். கை அசையவில்லை. இடக்கண் இமையில் மட்டும் என் நகம் பட்ட தடம் உள்ளது. அதை அப்படியே விட்டுவிட்டேன், அவர் ராகத்தில் மூழ்கிக் கண்ணைச் சுருக்கியிருப்பது போல இருக்கிறது.

இன்னும் மூன்று ஐயங்கள். இதே ஓடிஜியில் பிள்ளைகளுக்குக் கேக் செய்யலாமா? மேலே வார்னிஷ் பூச வேண்டுமா? வீட்டில் நகப்பூச்சு நிறைய இருக்கிறது. தவில்காரரின் விரல்களில் போடும் வெள்ளைக் கூடுகளை எப்படி வைப்பது? மாவாக இருக்கும்போது ஒட்டினால் விரலே நசுங்கிவிடுகிறது.

பதில்: மெழுகுக்கை

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது சகோதரி.

அடுப்பைப் பொறுத்தவரை, தொடர்ந்து செய்வதென்றால் பழைய ஓடிஜி ஒன்றைக் கிளேக்கு என்றே ஒதுக்கிவிடுவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. வேகும்போது நெகிழ்வுத் திரவம் சிறிதளவு ஆவியாகி உட்சுவரில் படியும். அதுவரை ஒரே அடுப்பைப் பயன்படுத்த வேண்டியிருந்தால், கூடாரத்துக்குப் பதில் இரண்டு அலுமினியத் தட்டுகளை எதிரெதிரே கவிழ்த்து, விளிம்பை இடுக்கியால் பிடித்து, அந்தப் பெட்டிக்குள் வைத்துச் சுடுங்கள். கேக்கும் பொம்மையும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக் கூடாது. முடிந்ததும் அடுப்பு ஆறியபின் சுவர்களைத் துடைத்துவிடுங்கள். பிசையப் பயன்படுத்திய கத்தியும் குழவியும் மீண்டும் சமையலறைக்குப் போகக் கூடாது. முன்பு நெடி வந்த நாளுக்குப் பிறகு அடுப்பைக் கழுவவில்லை என்றால், கேக்குக்கு முன்னால் சோப்பு நீரால் ஒருமுறை துடைத்து, சன்னலைத் திறந்துவைத்து வெறும் அடுப்பைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள்.

நகப்பூச்சு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் பிவிசியைத் தாக்கி, சில வாரங்களில் மேற்பரப்பைப் பிசுபிசுக்க வைத்துவிடும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் பெரும்பாலான ஸ்பிரே வார்னிஷ்களும் அப்படித்தான். நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் மட்டும் ஒத்துப்போகும். உண்மையில் இதற்கு வார்னிஷே தேவையில்லை. அக்ரிலிக் சாயம் தீட்டிய கண், மீசை, திருநீறு ஆகியவற்றின்மேல் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுங்கள். உடம்புக்கு, 600, 800, 1000 எண் உப்புத்தாளால் தண்ணீரில் நனைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்து, பழைய பருத்தித் துணியால் துடைத்தாலே வியர்வை பூத்த தோல் போன்ற மெல்லிய மினுமினுப்பு வந்துவிடும்.

மிச்சமிருக்கும் கிளேயை அடியில் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் எண் 5 என்று போட்ட டப்பாவில் வையுங்கள்; 6 என்று போட்டிருப்பதை நெகிழ்வுத் திரவம் கரைத்துவிடும். வெயில் படும் அலமாரியிலோ நிறுத்திவைத்த காரிலோ விட்டால், சுடாமலேயே பாதி வெந்து உதிரத் தொடங்கும்.

தவில் கூடுகளுக்கு வழி எளிது. கூடு இல்லாமலே ஆளை முழுதாக வேகவைத்துவிடுங்கள். கெட்டியான வலக்கை விரல்நுனிகளில் ஊசிமுனையால் லிக்விட் கிளேயைத் தொட்டு, கடுகளவு வெள்ளையைச் செருகி, மீண்டும் 20 நிமிடம் வையுங்கள். கழி பிடிக்கும் இடக்கைக்குக் கூடு கிடையாது. அதை மறந்து இரண்டு கையிலும் போட்டுவிடாதீர்கள்.

கொலுப்படி எழுதியது:

நல்லவேளை சொன்னீர்கள் ஐயா, இரண்டு கைக்கும் உருட்டி வைத்திருந்தேன். மிச்சமான நான்கு வெள்ளைக் கடுகுகளையும் தாளக்காரரின் சட்டைக்குப் பொத்தானாக வைத்துவிடுகிறேன்.